குச்சியில் 43 சரி, நோட்டில் மட்டும் 403 ஏன்?

கற்றல் மூலையில் (வகுப்பில் பொருட்களை வைத்துச் செய்து கற்கும் இடம்) 43 குச்சிகளைச் சரியாக எண்ணிக் காட்டும் பிள்ளைகள், நோட்டில் 403 என்று எழுதுகிறார்களா? அதற்காகக் குச்சிகளை நிறுத்த வேண்டாம். நோட்டையும் அதே கற்றல் மூலைக்குக் கொண்டுபோங்கள். இன்று மூலையில் குச்சி, நாளை நோட்டில் எண் என்று பிரித்தால், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டும் வேறு வேறு வேலை.

காரணம் பெரும்பாலும் காதுதான். நாற்பது என்றதும் 40, மூன்று என்றதும் 3. கேட்டதை அப்படியே ஒட்டி எழுதுகிறார்கள்.

சோதித்துப் பாருங்கள்: 43 குச்சிகளைப் பரப்பிவிட்டு, 43 என்று எழுதிய அட்டையில் 4-ஐத் தொட்டு, "இது எத்தனை குச்சி, எடுத்துக் காட்டு" என்று கேளுங்கள். நாலே நாலு குச்சியை எடுத்தால் இடமதிப்பு இன்னும் பிடிபடவில்லை.

அப்புறம், பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டுகளைத் தயாராக வைக்காதீர்கள். பத்து எண்ணி ரப்பர் பேண்ட் மாட்டுவதை அவர்களே செய்யட்டும், பாடமே அதில்தான் இருக்கிறது. கட்டுகளுக்கு ஒரு கட்டம், உதிரிக்கு ஒரு கட்டம் வரைந்த தாளில் வைத்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரே ஓர் இலக்கம் எழுதச் சொல்லுங்கள். 403-க்கு அங்கே இடமே இருக்காது.

சோதனையைத் தனித்தனியாகச் செய்யுங்கள். குழுவில் ஒருவர் எடுக்க, மற்றவர்கள் பார்த்து எடுத்துவிடுவார்கள். 43-ஐ 34 என்று எழுதும் பிள்ளைக்கு இது பொருந்தாது, அது வேறு சிக்கல்.