அம்மா அப்பாவுடன் பார்க்க 'தம் லகா கே ஹைஷா'

கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போக வேண்டும் என்பதை வீட்டில் பேசத் தொடங்க, பெற்றோருடன் பார்க்க ஒரு இந்திக் குடும்பப் படம் கேட்டிருந்தீர்கள். தயங்காமல் 'தம் லகா கே ஹைஷா' (2015) பாருங்கள். சரத் கட்டாரியா இயக்கியது.

கதை தொண்ணூறுகளின் ஹரித்வாரில் நடக்கிறது. பத்தாம் வகுப்பு தாண்டாத, கேசட் கடை வைத்திருக்கும் பிரேமுக்குப் படித்த சந்தியாவைக் கட்டிவைக்கிறார்கள். அவள் குண்டு என்று அவனுக்கு வெட்கம். நண்பர்கள் முன்னால் அவளைக் கேவலமாகப் பேச, அவள் அங்கேயே அறைகிறாள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது! சந்தியாவாக நடித்த பூமி பெட்னேகருக்கு இது முதல் படம் என்றே நம்ப முடியாது.

உங்களுக்கு வேண்டியது அதற்கப்புறம்தான் வருகிறது. சந்தியா விவாகரத்து கேட்கிறாள், ஆசிரியர் வேலைக்கும் முயல்கிறாள். நீதிமன்றமோ ஆறு மாதம் சேர்ந்து வாழச் சொல்கிறது. அந்தக் கட்டத்தில் உங்கள் அம்மா என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.

முதலிரவை ஒட்டிய சில காட்சிகள் அப்பா முன் கூச்சமாக இருக்கலாம். முதலில் அம்மாவுடன் மட்டும் பாருங்கள்.