பையன் படிக்கிற ஊருக்கு மே மாசம் போகலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா, எங்க பையன் கேம்பிரிட்ஜ்ல பி.எச்.டி சேர்ந்து ஆறு மாசம் ஆச்சு. நான், வீட்டுக்காரர், மாமியார் மூணு பேரும் மே மாசம் போய் மூணு நாள் அவன்கூட இருக்கலாம்னு பிளான். வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார், ராமானுஜன் இருந்த இடத்தைப் பார்த்தே ஆகணும்ங்கறார். மாமியாருக்கு முட்டி வலி. யூடியூப்ல எல்லாரும் படகுல போறதை மட்டும்தான் காட்டுறாங்க, வேற என்னதான் இருக்கு அங்க?
- ஒரு வாசகி

பதில்: டிக்கெட் போட்டாச்சா? போடலைன்னா கொஞ்சம் நில்லுங்க. மே மாசம் அங்க பரீட்சை நேரம், நிறைய காலேஜ் வாசல்லயே போர்டு வச்சு வெளியாளை உள்ள விடமாட்டாங்க. பரீட்சை முடிஞ்சு பசங்க கொண்டாடுற வாரத்துக்கு 'மே வீக்'னு பேரு, ஆனா அது வர்றது ஜூன்ல, இதைப் பார்த்து ஏமாந்தவங்க உண்டு. ஜூலை ஆகஸ்ட்னா பையனோட ஃப்ரெண்ட்ஸ்ல பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பாங்க, தெரு முழுக்க நம்மள மாதிரி டூரிஸ்ட்தான். என்னைக் கேட்டா அக்டோபர். அப்பதான் புது டெர்ம் ஆரம்பிக்கும், புதுப் பசங்க சைக்கிள்ல வழி தெரியாம முழிச்சிட்டுப் போறதைப் பார்க்கறதே ஒரு வேடிக்கை.

சாருக்கு ட்ரினிட்டி காலேஜ். ராமானுஜன் 1914ல வந்து முதல்ல ஒரு பேராசிரியர் வீட்ல தங்கிட்டு அப்புறம் இந்த காலேஜோட ஹியூவெல்ஸ் கோர்ட்ங்கற விடுதிக் கட்டடத்துக்கு மாறினார், பெரிய வாசலுக்கு எதிர்ப்பக்கம் ரோட்டைத் தாண்டினா அதுதான். 1918ல அங்க ஃபெல்லோ, அதாவது காலேஜோட மூத்த அறிஞர்கள்ல ஒருத்தர் ஆனார், அடுத்த வருஷம் உடம்பு முடியாம ஊர் திரும்பிட்டார். உள்ள விடுவாங்களான்னு பையனை முன்னாடியே விசாரிச்சு வைக்கச் சொல்லுங்க, விடலைன்னாலும் வாசல்ல நின்னு பார்த்துட்டு வரலாம். அதே காலேஜ்ல இருக்கற ரென் லைப்ரரிலதான் அவரோட 'தொலைந்த நோட்டு' இருக்கு, நோட்டுன்னு சொல்றோமே தவிர எல்லாம் உதிரித் தாள்கள், 1976ல ஜார்ஜ் ஆண்ட்ரூஸ்ங்கற கணிதக்காரர் ஒரு பெட்டிக்குள்ள கண்டெடுத்தார். அதை எப்பவும் வெளிய வச்சிருப்பாங்கன்னு நம்பிப் போகாதீங்க. நியூட்டன் தன்னோட இயக்க விதிகளை எழுதின 'பிரின்சிபியா' புத்தகத்துல தன் கையாலயே திருத்தம் போட்ட பிரதியும் இந்த லைப்ரரியோடதுதான். வெளியாளுக்குத் திறக்கறது கொஞ்ச நேரம்தான், வெப்சைட்ல பார்த்துக்கங்க. நோபல் பரிசு வாங்கின சந்திரசேகரும் சிதம்பரத்துல பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும்கூட இந்த ட்ரினிட்டிக்காரங்கதான், சார் பெருமைப்பட்டுக்கட்டும்.

அந்தப் பெரிய வாசல்லயே கொஞ்சம் அண்ணாந்து பாருங்க. எட்டாம் ஹென்றி ராஜா சிலை இருக்கும், கையில செங்கோல் இருக்க வேண்டிய இடத்துல நாற்காலிக் கால்! யாரோ குறும்புக்கு மாத்தி வச்சது அப்படியே நின்னுபோச்சு. பக்கத்துப் புல்வெளில ஒரு ஆப்பிள் மரம், நியூட்டன் வீட்டு மரத்தோட வாரிசு, ரோட்லேர்ந்தே தெரியும், காசு கிடையாது.

மாமியாருக்கு முட்டி வலின்னா கவலைப்படாதீங்க, ஊர் தட்டையான ஊர், மேடு பள்ளம் இல்ல. சில இடத்துல கல் பாவின தரை, அங்க மட்டும் கையைப் பிடிச்சுக்கங்க. செயின்ட் மேரீஸ் சர்ச் கோபுரத்துக்கு 123 படி, அதை நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க, அவங்களை வேண்டாம். அவங்களுக்கு கிங்ஸ் காலேஜ் சேப்பல். 1446ல அடிக்கல் போட்டு 1515ல முடிச்ச கட்டடம், 289 அடி நீளம், மேல விசிறி விரிச்ச மாதிரி மொத்தமும் கல்லுக் கூரை. பகல்ல டிக்கெட், ஆனா டெர்ம் நேரத்துல சாயங்காலப் பிரார்த்தனைக்கு டிக்கெட் இல்லாமலே யார் வேணா உட்காரலாம், எந்த மதம்னு கேக்கமாட்டாங்க, கொஞ்சம் முன்னாடி போய் வரிசையில நிக்கணும் அவ்வளவுதான். சின்னப் பசங்க பாட ஆரம்பிச்சதும் சத்தம் நேரா கூரைக்குப் போய்ட்டு மெதுவா நம்ம மேல இறங்கும், நான் பேசவே மறந்துட்டேன்.

மழை பெஞ்சா ஃபிட்ஸ்வில்லியம் மியூசியம், இலவசம், உட்கார இடமும் இருக்கு.

அப்புறம் கார்பஸ் கிறிஸ்டி காலேஜ் சுவர்ல இருக்கற கார்பஸ் கடிகாரம். 2008ல ஸ்டீபன் ஹாக்கிங் திறந்து வச்சது, தங்க முலாம் பூசின தட்டு, முள்ளே கிடையாது, மேல ஒரு பயங்கரமான வெட்டுக்கிளி வாயைத் திறந்து திறந்து நேரத்தைத் தின்னுட்டிருக்கும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் சரியான நேரம் காட்டும், மத்த நேரமெல்லாம் அதுவா ஓடும், நிக்கும். மணி அடிக்காது, உள்ள மரச் சவப்பெட்டியில சங்கிலி விழுற சத்தம்தான் மணி.

படகு? போங்க, ஆனா முதல் தடவை ஓட்டுறவரோட போங்க. நாங்க சொந்தமா தள்ளுறோம்னு எடுத்தோம், நீளக் கம்பு சேத்துல மாட்டிக்கிச்சு, எங்க ஆளு கம்பை விடாம தொங்கினாரு, படகு போயிடுச்சு. கம்பை விட்டுடணும், படகை விடக்கூடாது. ஆறு வேண்டாம்னா சில்வர் ஸ்ட்ரீட் பாலத்துல நின்னாலே மேத்தமேட்டிக்கல் பிரிட்ஜ்ங்கற மரப் பாலம் தெரியும். நியூட்டன் ஆணியே இல்லாம கட்டினதும்பாங்க, நம்பாதீங்க, பாலம் 1749, அவர் போனது 1727.

கடைசி நாள் ஊரைச் சுத்தவே சுத்தாதீங்க. பையனோட காலேஜ்ல அவனோட டைனிங் ஹால்ல விருந்தாளியா சாப்பிட முடியுமான்னு கேளுங்க, அவன் உட்கார்ற பெஞ்ச், படிக்கிற மேஜை, துணி துவைக்கிற ரூம் எல்லாம் பாருங்க. உள்ள போகும்போது புல்லுல மட்டும் கால் வச்சிடாதீங்க, பல காலேஜ்ல அது ஃபெல்லோக்களுக்கு மட்டும்தான்.

கேள்வி: லண்டன்ல நாலு நாள் இருக்கோம், கேம்பிரிட்ஜுக்கு ஒரே நாள்ல போய்ட்டு வர முடியுமா?
- இன்னொரு வாசகர்

பதில்: தாராளமா. கிங்ஸ் கிராஸ்லேர்ந்து வேகமான ரயில்னா ஒரு மணி நேரத்துக்குள்ள இறங்கிடலாம், ஆனா ஸ்டேஷன் ஊர் நடுவுலேர்ந்து கொஞ்சம் தள்ளி இருக்கு, காலாற நடங்க இல்லைன்னா பஸ். அதே நாள்ல ஆக்ஸ்ஃபோர்டையும் சேர்த்துடலாம்னு மட்டும் கேக்காதீங்க சார்.