மூணு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர்: உங்க கேள்விகளுக்கு என் பதில்கள்

வகுப்புல சாப்ட்வேர் வெச்சு பசங்க சேர்ந்து படிக்கிறதைப் பத்தி கேட்டிருந்தீங்க. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேர்த்துட்டேன்.

கேள்வி: மேடம், எங்க லேப்ல மூணு பேருக்கு ஒரு சிஸ்டம்தான். ஆளுக்கு ஒண்ணு இருந்தா இன்னும் நல்லா படிப்பாங்கல்ல?

பதில்: அப்படி சொல்லிட முடியாதுங்க. தனியா உக்காந்திருக்கிற பையன் தப்பு வந்தா வேற பட்டனை அமுக்குவான், அதுவும் தப்புன்னா இன்னொண்ணு, ஏன்னு வாயைத் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே வராது. பக்கத்துல ஒரு ஆள் இருந்தா "இரு இரு, அதை எதுக்கு போடற"ன்னு கேட்பான், அதுக்கு பதில் சொல்லப் போகும்போதுதான் தனக்கு எங்க புரியலைன்னே இவனுக்கு தெரியும். ரெண்டு பேர் ரொம்ப நல்லது, மூணு பரவாயில்ல, நாலுன்னா ஒருத்தருக்கு ஸ்கிரீனே தெரியாது.

கேள்வி: மவுஸ் எப்பவும் ஒருத்தன் கையிலயேதான் இருக்கு சார், இல்ல மேடம், மத்தவங்க வேடிக்கை பாக்குறாங்க.

பதில்: புரோகிராமர்ஸ் ஜோடியா உக்காந்து கோட் எழுதறப்ப டிரைவர் (டைப் பண்றவர்), நேவிகேட்டர் (பக்கத்துல இருந்து வழி சொல்றவர்)னு ரெண்டு வேலையா பிரிச்சுக்குவாங்க. அதையே கொஞ்சம் கறாரா வைங்க: மவுஸ் வெச்சிருக்கிறவர் தானா எதையும் கிளிக் பண்ணக்கூடாது, பக்கத்துல இருக்கிறவர் சொன்னா மட்டும்தான். ஏழெட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை நீங்களே மணி அடிச்சு மாத்தி விடுங்க. அவங்களா மாத்திக்கட்டும்னு விட்டா நடக்காது.

கேள்வி: சிமுலேஷன் (ஸ்கிரீன்லயே செஞ்சு பாக்குற பரிசோதனை) குடுத்தா சும்மா கிளிக் பண்ணி விளையாடிட்டு "முடிச்சிட்டோம் மிஸ்"ங்குறாங்க. என்ன பண்ண?

பதில்: எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி இது. கிளிக் பண்றதுக்கு முன்னாடி என்ன ஆகும்னு எழுத வைங்க, அதுவும் ஆளுக்கு ஆள் தனித்தனியா, அப்புறம் ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கணும். பெட் (PhET) சிமுலேஷன்ங்கிற இலவச அறிவியல் தொகுப்புல (நோபல் வாங்கின கார்ல் வைமன் 2002ல கொலராடோ யுனிவர்சிட்டில ஆரம்பிச்சது) சர்க்யூட் கட்டுற கிட் ஒண்ணு இருக்கு. ஒரே மாதிரி ரெண்டு பல்பை தொடர் இணைப்புல, அதாவது ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா ஒரே வயர்ல போட்டா எது பிரகாசமா எரியும்னு கேட்டுப் பாருங்க, பேட்டரிக்கு பக்கத்துல இருக்கிற பல்புதான்னு நிறைய பேர் சொல்லுவாங்க, ஏன்னா கரண்ட் முதல் பல்புல கொஞ்சம் செலவாகிடும்னு மனசுல ஒரு நினைப்பு. போட்டுப் பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி எரியும், அந்த நிமிஷம் குரூப்ல வர்ற சண்டை இருக்கே, அதுக்காகத்தான் இந்த கிளாஸே! உடனே போய் விளக்கிடாதீங்க, கரண்ட் அளக்குற அம்மீட்டரை முதல் பல்புக்கு ரெண்டு பக்கமும் வெச்சு அளந்து பாருங்கன்னு மட்டும் சொல்லிட்டு நகர்ந்துடுங்க. எழுதி வெக்கலைன்னா "நான் முன்னாடியே இதைத்தான் நினைச்சேன்"னு எல்லாரும் சொல்லிடுவாங்க, யோசிக்க ஒண்ணும் மிஞ்சாது.

கேள்வி: அக்கா, நான் பி.எட். படிக்கிறேன். கணக்குக்கு இதே மாதிரி ஏதாவது?

பதில்: ஜியோஜீப்ரா எடுத்துக்கம்மா, வடிவங்களை வரைஞ்சு இழுத்துப் பாக்குற கணக்கு சாப்ட்வேர் அது. முக்கோணம் வரைஞ்சு சுற்றுவட்ட மையத்தை (மூணு முனை வழியாவும் போற வட்டத்தோட மையம்) போட சொல்லு. மையம் எப்பவும் உள்ளேயே இருக்குமான்னு கேட்டுட்டு முனையை பிடிச்சு இழுக்க விடு. விரிகோணம் ஆனதும் மையம் வெளிய போகும், செங்கோணத்துல சரியா கர்ணத்தோட நடுவுல வந்து உக்காரும். ஏன்னு சேர்ந்து ரெண்டு வரி எழுதினாத்தான் அடுத்த வேலைக்கு போகலாம்னு சொல்லிடு.

கேள்வி: குவிஸ் ஆப்ல பசங்க செம ஜாலியா இருக்காங்க, ஆனா வேகமா அமுக்குறவன்தான் ஜெயிக்கிறான்.

பதில்: டைமரை ஆஃப் பண்ணுங்க. ஹார்வர்டுல எரிக் மசூர் 1990கள்ல கொண்டுவந்த முறை இது: கேள்விக்கு முதல்ல தனியா ஓட்டு, ரிசல்ட்டை காட்டாம பக்கத்துல இருக்கிறவரோட பேச்சு, அப்புறம் மறுபடி ஓட்டு. முதல் ஓட்டுல சுமார் 30லேர்ந்து 70 சதவீதம் பேர் சரின்னா பேசவிட அதுதான் நல்ல கேள்வி. அதுக்கும் கீழ போனா பாடத்தையே திரும்ப நடத்தணும்.

கேள்வி: வகுப்பு ஒரே சத்தம். பாடம்தான் பேசுறாங்களான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது?

பதில்: காதை குடுத்து கேளுங்க. நீல் மெர்சர்னு ஒரு ஆய்வாளர் பசங்க கம்ப்யூட்டர் முன்னாடி பேசுறதை கவனிச்சு மூணு வகையா பிரிச்சார். "இல்ல, நான் சொல்றதுதான்"னு மோதறது ஒண்ணு, எல்லாத்துக்கும் "ஆமா ஆமா"ன்னு தலையாட்டறது ஒண்ணு, "ஏன்னா", "ஒருவேளை இப்படி இருந்தா", "நீ என்ன நினைக்கிற"ன்னு காரணம் கேட்டு பேசறது மூணாவது. இந்த மூணாவது தானா வராது, பழக்கணும். எல்லார்கிட்டயும் கேட்டு ஒத்துக்கிட்ட அப்புறம்தான் கிளிக்னு ஒரு விதியை போட்டு ஆரம்பிங்க.

கேள்வி: குரூப் ப்ராஜெக்ட்ல ஒருத்தி மட்டும் வேலை செய்றா, மார்க் எல்லாருக்கும் போகுது.

பதில்: அந்தப் பொண்ணுக்கு அது அநியாயம். முடிச்சதும் குரூப்ல நீங்க கை காட்டுற ஆள்தான் விளக்கணும்னு முதல் நாளே சொல்லிடுங்க. யாரை கேட்பீங்கன்னு தெரியாததால அவளே மத்தவங்களுக்கு சொல்லிக் குடுப்பா, அவங்களும் கேட்டுக்குவாங்க.

கேள்வி: எங்க ஸ்கூல்ல நெட் அடிக்கடி போயிடும் மேடம்.

பதில்: ஜியோஜீப்ரா, ஸ்கிராட்ச் (பசங்க புரோகிராம் எழுதிப் பழகுற சாப்ட்வேர்) ரெண்டையும் சிஸ்டத்துலயே இன்ஸ்டால் பண்ணிக்கலாம், பெட் சிமுலேஷன்லயும் நிறைய டவுன்லோட் பண்ணி வெச்சுக்கலாம், எல்லாமே இலவசம். பென் டிரைவ்ல காப்பி எடுத்து வெச்சுக்கோங்க, கிளாஸுக்கு முந்தின நாளே ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுங்க.