மத்தியானக் கரண்டும் இரவுக் கரண்டும்: மின்சார மாற்றங்கள் பற்றிக் கேள்வி பதில்

முப்பது வருடம் லைனிலும் கிரிட் என்கிற நாட்டு மின் வலையமைப்பிலும் கிடந்துவிட்டு ஓய்வெடுத்தவன் நான். பின்னேரம் கல்லடிப் பாலத்தடியில் காற்று வாங்கப் போனாலும் யாராவது கரண்ட் பில்லை நீட்டுவார்கள். இந்த முறை மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலிருந்தும் எழுதிக் கேட்டவற்றுக்குச் சேர்த்துப் பதில் தருகிறேன். 2025 நவம்பர் தொடக்கம் வரை நடந்ததை வைத்துச் சொல்வது இது. கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

களுவாஞ்சிகுடி: சேர், மின்சார சபையை உடைச்சு வித்துட்டாங்க என்டு சொல்றாங்க. இனி பில்லை ஆருக்குக் கட்டுற?

உடைப்பது உண்மை. விற்றதாகச் சொல்வது பிழை. 1969 இல் சட்டம் போட்டு உருவாக்கிய சபை, உற்பத்தி, பெரிய லைன், வீட்டு லைன், பில் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் வைத்திருந்தது. 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம் அதைப் பல கம்பனிகளாகப் பிரிக்கச் சொன்னது. அரசாங்கம் மாறிய பிறகு, 2025 ஓகஸ்டில் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போதைய ஏற்பாட்டில் பிரதானமாக நான்கு: உற்பத்திக்கு ஒன்று, பெரிய லைனில் அனுப்பும் பரிமாற்றத்துக்கு ஒன்று, விநியோகத்துக்கு ஒன்று, எந்த நிலையம் எந்த நேரம் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் தேசிய முறைமை இயக்குநர் ஒன்று. நான்கும் அரசுக்கே சொந்தம்.

உங்கள் கணக்கு இலக்கம் மாறவில்லை. கட்டுகிற இடத்திலேயே கட்டுங்கள். பிரித்தால் பில் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், அதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. எனக்கு இதில் பிடித்தது ஒன்றுதான்: முறைமை இயக்குநர் தனியாக நிற்பது. மலிவான நிலையம் சும்மா இருக்க விலை கூடியது ஓடினால், ஏன் என்று கேட்க இனி ஒரு முகவரி இருக்கும்.

சம்மாந்துறை: போன மாதம் 58 யூனிட், 569 ரூபாய். இந்த மாதம் 62 யூனிட், 1,200க்கு மேல வந்திருக்கு. மீற்றர் பழுதா?

மீற்றரில் பிழை இல்லை தங்கச்சி, படிக்கட்டில் கால் தவறியிருக்கிறது. 2025 ஜூன் 12இல் வந்த வீட்டுக் கட்டணப்படி, மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 30க்கு 4.50, அடுத்த 30க்கு 8 ரூபாய், நிலையான கட்டணம் 210. முழு 60ம் பாவித்தால் 135, 240, 210, ஆக 585 ரூபாய்.

61 ஆவது யூனிட்டைத் தொட்டவுடன் கணக்கு அடியிலிருந்தே மாறுகிறது. முதல் 60 யூனிட்டுக்கும் 12.75, அதற்கு மேல் 18.50, நிலையான கட்டணம் 400. உங்களுக்கு 765ம் 37ம் 400ம் சேர்ந்து 1,202. வரி வேறு. நாலு யூனிட் கூடப் பாவித்ததற்கு 633 ரூபாய் தண்டம்.

இது ஏழைக்குக் கொடுக்கும் சலுகை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த 60இல் வைத்திருக்கும் பள்ளம் அநியாயம் என்பதுதான் என் எண்ணம். ஒரு பிள்ளைக்குப் பரீட்சை வந்து இரவில் கூட நேரம் லைட் எரிந்தால் போதும், விழுந்துவிடலாம்.

ஒன்று பாருங்கள்: மீற்றர் வாசிக்க ஆள் எத்தனை நாளைக்குப் பிறகு வந்தார் என்று பில்லில் இருக்கும். 30 நாளைவிடக் கூடினால் படிகளையும் அதற்கேற்பக் கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும். பில்லில் உள்ள நாள் எண்ணிக்கையும் போன முறை வாசித்த திகதியும் ஒத்துப் போகின்றனவா என்று சரி பாருங்கள்.

ஏறாவூர்: ஒரு தரம் குறைக்கிறாங்க, மறுகா கூட்டுறாங்க. என்னத்தை நம்பிக் கடை நடத்துற?

2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏற்றியதை மறந்திருக்க மாட்டீர்கள். சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்பாட்டில், செலவுக்கு ஏற்ற விலை என்பது ஒரு நிபந்தனை. 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்ததும் ஜூனில் 15 வீதம் ஏறியதும் அதன்படி நடந்தவை. ஒக்டோபரில் சபை 6.8 வீதம் கூட்டக் கேட்டது. கட்டணத்துக்கு அனுமதி கொடுக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மறுத்துவிட்டது. ஆணைக்குழு ஒவ்வொரு முறையும் மக்களிடம் கருத்துக் கேட்கும். கடைக்காரர்கள் எழுதிக் கொடுப்பது குறைவு.

காத்தான்குடி: 2018இல கூரையில சோலர் போட்டன். 22 ரூபாய் தந்துவந்தவங்க, இப்ப திடீரென 15.50 தாறாங்க. புதுக் கொள்கையால எங்களையும் வெட்டிட்டாங்களா?

உங்களை வெட்டியது புதுக் கொள்கை இல்லை. வீட்டில் ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் பாருங்கள். 2016இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமய திட்டத்தில் 20 வருட ஒப்பந்தம்: முதல் 7 வருடம் யூனிட்டுக்கு 22 ரூபாய், மிச்சம் 13 வருடம் 15.50. உங்களுக்கு ஏழு வருடம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். விற்றவர் அந்த இரண்டாவது வரியை வாசித்துக் காட்டாமல் விட்டிருப்பார்.

புதிதாகப் போடுகிறவர்களுக்குத்தான் மாற்றம். எண்ணெய் இல்லாமல் வரிசையில் நின்ற 2022இல் கூரைச் சோலருக்கு 37 ரூபாய் என்றார்கள். 2024 நடுப்பகுதியில் 27 ஆக்கினார்கள். 2025இல் வந்த புது விலை அளவைப் பொறுத்தது: 5 கிலோவாட் வரை 20.90, 5 முதல் 20 வரை 19.61, அதற்கு மேல் போகப் போக இன்னும் குறைவு. 37க்கு ஒப்பந்தம் போட்டவரின் விலை அவர் ஒப்பந்தத்தில் நிற்கும்.

ஏன் இப்படி இறக்குகிறார்கள்? தகட்டின் விலை இறங்கிவிட்டது என்பது ஒரு காரணம். பெரிய காரணம், மத்தியானத்தில் கரண்ட் இப்போது கூடிப்போய்க் கிடக்கிறது. அதைத் திருக்கோவில்காரரின் கேள்வியில் சொல்கிறேன்.

ஆரையம்பதி: பதினொரு மணிக்குப் பிறகு சோலர் இன்வேட்டர் தானா நின்டுருது. ரெண்டு மணிக்கு மறுகா வருது. கம்பனிக்காரன் "லைன் பிழை" என்கிறான், லைன்காரன் "இன்வேட்டர் பிழை" என்கிறான்.

இரண்டு பேரும் பாதி உண்மை சொல்கிறார்கள். இன்வேட்டர் என்பது சோலர் தகட்டின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி. வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட், ஆறு வீதம் ஏறலாம், இறங்கலாம். அதாவது ஏறக்குறைய 216 முதல் 244 வரை. மத்தியானம் உங்கள் ஒழுங்கையில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடுகிறார்கள். எடுக்க ஆள் இல்லை, ஏழெட்டுக் கூரை ஒன்றாகத் தள்ளுகிறது. ஒரு காலத்தில் ட்ரான்ஸ்போமரிலிருந்து வீட்டுக்கு ஓடிய கரண்ட் இப்போது வீட்டிலிருந்து ட்ரான்ஸ்போமருக்கு ஓடுகிறது. மெல்லிய, நீளமான வயரில் தள்ள வேண்டுமென்றால் வோல்ட் ஏறித்தான் ஆகும். எல்லையைத் தாண்டினால் இன்வேட்டர் தன்னையே அணைக்கும். அது பழுது இல்லை, அதன் கடமை. லைன் கடைசியில் இருக்கும் வீடுதான் முதலில் நிற்கும்.

செய்ய வேண்டியது: முதலில், இன்வேட்டரிலிருந்து மீற்றர் வரை போட்ட வயர் மெல்லியதா என்று பாருங்கள், அங்கேயே சில வோல்ட் ஏறும். அடுத்தது, ஒழுங்கையில் எல்லாச் சோலரும் ஒரே பேஸில், அதாவது லைனின் மூன்று கரண்ட் வயரில் ஒன்றில் மட்டும், தொங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பிரித்துப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இன்வேட்டரே வோல்ட் பதிவு வைத்திருக்கும், ஒரு வாரப் பதிவை எடுத்து முறைப்பாட்டோடு இணையுங்கள். அளக்க வருகிறவரை மத்தியானம் வரச் சொல்லுங்கள். என் உறவினர் வீட்டுக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து 231 என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஐந்து மணிக்கு எந்தச் சோலர் தள்ளும்?

சிலர் இன்வேட்டரின் எல்லையை உயர்த்தி வைத்துத் தருகிறோம் என்பார்கள். விடாதீர்கள். உங்களுக்கு நாலு யூனிட் கூடும், பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி எரியும்.

திருக்கோவில்: பாணந்துறையில குரங்கு பாய்ஞ்சா திருக்கோவிலில ஏன் லைட் போகணும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு, முற்பகல் 11 மணி கழிந்து நாடு முழுதும் இருண்டது. பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு பட்டது என்று அப்போது வலுசக்தி அமைச்சராக இருந்த குமார ஜயகொடி சொன்னார். நாங்கள் எல்லாம் குரங்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டோம். ஆனால் கிரிட்டில் குரங்கும் அணிலும் காகமும் படுவது எப்போதும் நடப்பது. அந்த நாளில் மட்டும் ஏன் நாடே விழுந்தது என்பதுதான் கேட்க வேண்டியது.

பழைய நெல் ஆலை எஞ்சினின் பெரிய சில்லை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் ஒரு கணம் தடைப்பட்டாலும் சில்லின் வேகம் ஆலையை இழுத்துக்கொண்டு போகும். கிரிட்டிலும் அதே கதை. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்திலும் மகாவலி நீர் மின் நிலையங்களிலும் சுழலும் இயந்திரங்கள்தான் எங்கள் சில்லு. அவை 50 ஹேர்ட்ஸில், அதாவது கரண்ட் வினாடிக்கு 50 தரம் அலையும் தாளத்தில், ஒன்றாகச் சுழல்கின்றன. எங்காவது அடிபட்டால் அந்தச் சுழற்சி சில வினாடிகள் தாங்கும், அதற்குள் மற்ற நிலையங்கள் கை கொடுக்கும். சோலர் தகட்டுக்குச் சில்லு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல், தொழிற்சாலைகள் பூட்டு, தேவை குறைவு, வெயில் நல்லாக எரிகிறது. சோலருக்கு இடம் விட்டுச் சுழலும் இயந்திரங்கள் பல ஒதுங்கிவிட்டன. மிச்சமிருந்த சில்லு சிறியது. அடி பட்டவுடன் அந்த 50 ஹேர்ட்ஸ் தாளம் சரிந்தது, ஒன்று விழ மற்றது விழுந்தது. நுரைச்சோலையின் 300 மெகாவாட் இயந்திரம் மூன்றும் நின்றதால் அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டும் வந்தது.

அதன் பிறகு நடந்தவற்றை இந்தக் கண்ணால் பாருங்கள். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தி வையுங்கள் என்று கேட்டார்களே, அது இந்தப் பயத்தில்தான். உப மின் நிலையங்களில் தலா 10 மெகாவாட் பற்றரி, 16 இடத்தில் வைக்க விலைமனு கோரியதும் இதற்காக. மகா ஓயாவில் 600 மெகாவாட் நீரேற்று நிலையம் என்று ஒரு திட்டமும் இருக்கிறது: பகலில் மிஞ்சும் கரண்டால் தண்ணீரை மேலே ஏற்றி, இரவில் இறக்கிச் சுழலியை ஓட்டுவது. அம்பாறை மகா ஓயா என்று நினைத்து ஒருவர் என்னிடம் காணி விலை விசாரித்தார். இது அரநாயக்க, நாவலப்பிட்டிப் பக்கம்.

2030இல் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்பது அரசின் இலக்கு. தகடு பூட்டுவது அதில் இலேசான பகுதி. சேமிப்பையும் சில்லையும் முதலில் யோசித்திருக்க வேண்டும், பத்து வருடம் பிந்தி இப்போது ஓடுகிறோம்.

கல்முனை: பற்றரி வச்சு இரவுல குடுத்தா 45.80 தாறாங்களாம். போடலாமா?

இரவு உச்ச நேரத்தில் பற்றரியிலிருந்து கிரிட்டுக்குக் கொடுத்தால் யூனிட்டுக்கு 45.80 என்ற விலைக்கு அனுமதி கிடைத்தது சரி. இரவு விலை பகல் விலையைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்பதைக் கவனியுங்கள், கிரிட்டுக்கு எது பஞ்சம் என்று அந்த விலையே சொல்கிறது. கணக்கு: ஓர் இரவில் 8 யூனிட் கொடுத்தால் மாதம் 240 யூனிட், 10,992 ரூபாய். அதையே பகலில் 20.90க்குக் கொடுத்திருந்தால் 5,016. பற்றரியால் வரும் மேலதிகம் ஏறக்குறைய 6,000, சார்ஜ் பண்ணும்போது போகும் நட்டத்தைக் கழித்தால் இன்னும் குறையும். பற்றரி விலையை இந்த 6,000ஆல் பிரியுங்கள். வரும் மாதங்கள் பற்றரியின் உத்தரவாதக் காலத்தைத் தாண்டினால் வேண்டாம்.

நாவிதன்வெளி: இங்கினியாகலையில எங்கட தண்ணியில கரண்ட் எடுக்கிறாங்க. அம்பாறைக்கு ஏன் மலிவில்ல?

சேனநாயக்க சமுத்திரத்துக்குக் கீழே உள்ள அந்த நிலையம் 11 மெகாவாட் அளவுதான், 1960களில் வந்தது. அங்கே வயலுக்குத்தான் முதலிடம்: போகத்துக்குத் தண்ணீர் திறக்கும்போது கரண்ட் வரும். இலங்கையில் கட்டணம் நாடு முழுக்க ஒன்று. வவுணதீவில் 10 மெகாவாட் சூரிய நிலையம் இருக்கிறது, அந்தப் பக்கத்து ஆட்களும் கொழும்பு விலையே கட்டுகிறார்கள். ஊர் ஊராய் விலை வைத்தால் நீளமான லைனில் தொங்கும் நமக்குத்தான் அடி.

வாழைச்சேனை: அதானி போயிட்டான், சம்பூர் வருதா?

மன்னார், பூநகரி 484 மெகாவாட் காற்றாலைத் திட்டத்திலிருந்து இந்தியாவின் அதானி கம்பனி 2025 பெப்ரவரியில் விலகியது. சம்பூரில் நிலக்கரியைக் கைவிட்டு 120 மெகாவாட் சூரிய நிலையம். ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது வேலையைத் தொடக்கி வைத்தார்கள். அதுவும் பகல் கரண்ட்தான்.

வெல்லாவெளி: யானை வேலிக்கு வீட்டு லைனை நேரா குடுக்கலாமா? எல்லாரும் செய்றாங்க.

கொள்கைக் கேள்வி இல்லை, ஆனாலும் இதற்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. கூடாது. யானை வேலிக்கு உள்ள கருவி துடிப்புத் துடிப்பாக அடிக்கும், வெருட்டும், கொல்லாது. 230 வோல்ட் நேராகக் கொடுத்தால் யானையும் சாகும், இருட்டில் தண்ணீர் பார்க்கப் போன உங்கள் பிள்ளையும் சாகும். குற்றமும் கூட. அப்படி வயர் இழுத்திருப்பதைக் கண்டால் 1987க்கு அடியுங்கள்.

அக்கரைப்பற்று: அரிசி ஆலை வச்சிருக்கன். இந்த மாற்றத்தில எங்களுக்கு ஏதும் நன்மை இருக்கா?

இருக்கிறது, நீங்கள் நேரத்தை மாற்ற முடிந்தால். 42 கேவிஏக்கு (ஒரே நேரத்தில் இழுக்கும் கரண்டின் அளவு) மேற்பட்ட இணைப்பு என்றால் உங்களுக்கு மூன்று விலை: பகல் 5.30 முதல் 18.30 வரை, உச்சம் 18.30 முதல் 22.30 வரை, மிச்சம் குறைந்த தேவை நேரம். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்க ஆலைகள் பின்னேரம் ஆறரைக்குப் பிறகும் ஓடுவதைப் பார்க்கிறேன், அந்த நாலு மணித்தியாலம் இலாபத்தைத் தின்னும். அவிப்பதையும் குத்துவதையும் மத்தியானத்துக்கு இழுங்கள். கூரையில் சோலர் போட்டால் விற்கிற எண்ணத்தில் போடாமல், ஆலைக்கே எரிக்கிற அளவில் போடுங்கள். கேவிஏக்கு வரும் கேள்விக் (டிமாண்ட்) கட்டணம் தனி. எல்லா மோட்டரும் ஒன்றாக ஓடும் கால் மணி நேரம்தான் அதைத் தீர்மானிக்கும், ஆகவே எலிவேட்டரையும் பொலிஷரையும் மாறி மாறி ஓட்ட முடியுமா என்று பாருங்கள். பில்லில் மூன்று நேரமும் கேவிஏயும் வேறு வேறு வரியில் இருக்கும். ஆறு மாத பில்லை எடுத்துக்கொண்டு ஒரு பின்னேரம் பாலத்தடிக்கு வாருங்கள், கணக்கைச் சேர்ந்து போடுவோம்.