ஊட்டி ஓட்டு வீட்டில் விறகு ஸ்டவ்வுக்கு ஜி.ஐ. குழாய் போதுமா? செலவு குறைவாக, ஆபத்தில்லாமல் புகைக்குழாய் வாங்க என்ன வழி?

ஜி.ஐ. போதாது. கடைக்காரர் போதும் என்று சொல்வது மழைநீர் இறக்குகிற குழாய்க்குச் சரி. ஜி.ஐ. தகரத்தின் மேல்பூச்சு துத்தநாகம். 200 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடானால் பூச்சு உரிய ஆரம்பிக்கும், 419 டிகிரியில் உருகிவிடும். ஸ்டவ்வை ஒட்டிய முதல் இரண்டு அடி அந்தச் சூட்டை எளிதில் தொடும். துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். சமையலறைச் சிம்னிக்கு மாட்டுகிற சுருள் அலுமினியக் குழாயை நினைத்தே பார்க்காதீர்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும்; குழாய்க்குள் படிந்த கரி தீப்பற்றினால் சூடு 1000 டிகிரியைத் தாண்டும்.

உங்களுக்கு வேண்டியது இரட்டைச் சுவர்க் குழாய்: உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், வெளியே ஓர் உறை, நடுவில் சூடு தாங்கும் பஞ்சு. அதைக் கம்பெனித் தயாரிப்பாக வாங்கினால் விலை கடிக்கத்தான் செய்யும். பாதிச் செலவு பெயருக்கும் லாரிக்கும் போகிறது என்று நினைக்கிறேன். அதே அமைப்பைக் கோயம்புத்தூரில் ஷீட் ரோலிங்கும் ஆர்கான் வெல்டிங்கும் செய்கிற பட்டறையில் அளவு கொடுத்து அடித்துக்கொள்ளலாம். (கொடைக்கானல்காரர்களுக்கு மதுரை, திண்டுக்கல் பக்கம்.) ஏ.சி. டக்ட் செய்கிறவர்களும் செய்து தருவார்கள், ஆனால் அவர்கள் கை தானாக ஜி.ஐ.யை எடுக்கும், கவனம்.

உங்கள் ஸ்டவ்வின் வாய் 6 அங்குலம் என்றால் குழாயும் 6 அங்குலம்தான், மேலே போகப் போகக் குறைக்கவே கூடாது. 4 அங்குலக் குழாயின் உள்பரப்பு 6 அங்குலத்தில் பாதிகூட இல்லை. மிச்சப் புகை அறைக்குள்தான் வரும். மொத்த உயரம் ஸ்டவ் வாயிலிருந்து குறைந்தது 15 அடி. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே காற்று கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிது, குழாயின் இழுவையும் அந்த அளவு குறையும். அதனால் 17, 18 அடி வைத்தால் நல்லது.

ஷீட் கணக்கு இது. 8க்கு 4 அடி எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு ரகம்) ஷீட், 1 மி.மீ கனம், ஒன்று. 6 அங்குலக் குழாயின் சுற்றளவு 19 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. விளிம்போடு விளிம்பு சேர்த்து ஆர்கான் வெல்டிங் அடித்தால் ஒரே ஷீட்டில் நாலடித் துண்டு ஐந்து வரும். மடிப்பு போட்டால் நான்குதான். வெளி உறை 8 அங்குலம், சீலிங்குக்குக் கீழே ஒன்றரை அடியில் தொடங்கித் தொப்பி வரைக்கும். அதற்கு 0.6 மி.மீ ஜி.ஐ. ஷீட் ஒன்று, மூன்று துண்டு வரும். ஜி.ஐ.க்கு வேலை உண்டென்றால் இங்கே மட்டும், உறை அவ்வளவு சூடாகாது. இடையில் 25 மி.மீ செராமிக் பிளாங்கெட் (சூடு தாங்கும் பஞ்சு விரிப்பு), அடர்த்தி கன மீட்டருக்கு 128 கிலோ. 610 மி.மீ அகல ரோலை நீளவாக்கில் வைத்துச் சுற்றினால் குழாயை மூடிவிடும். ஒரு ரோல் வாங்கினால் மிஞ்சும். சுற்றும்போது மாஸ்க்கும் கையுறையும் வேண்டும். பணம் இன்னும் குறைய வேண்டுமானால் அறைக்குள் வருகிற கீழ்ப்பகுதியை மட்டும் 16 கேஜ் கறுப்பு எம்.எஸ். (சாதாரண இரும்பு) ஷீட்டில் அடிக்கலாம், ஹீட் பெயிண்ட் பூசி முதல் எரிப்பை ஜன்னல் திறந்து வைத்துச் செய்ய வேண்டும். கூரைக்கு மேலே எம்.எஸ். வேண்டாம், நம் மழையும் மூடுபனியும் சீக்கிரமே துரு ஏற்றிவிடும்.

304 என்று சொல்லி மட்ட ரகமான 202 தள்ளிவிடுவது சர்வசாதாரணம். காந்தம் வைத்துப் பார்ப்பதால் பயனில்லை, இரண்டிலுமே சரியாக ஒட்டாது. பில்லில் '304' என்று எழுதச் சொல்லுங்கள், ஷீட்டில் அச்சிட்ட கிரேடைப் பாருங்கள், ஷீட்டில் ரசாயனச் சொட்டு விட்டு ரகம் பார்க்கிற சோதனை கடையில் இருந்தால் கேளுங்கள். கனத்தில் ஏமாற்றினால் தராசு காட்டிக்கொடுக்கும்: 6 அங்குலம், 1 மி.மீ என்றால் ஓரடிக்குச் சுமார் 1.15 கிலோ நிற்க வேண்டும். நாலடித் துண்டு 3 கிலோதான் இருக்கிறதென்றால் அது 0.65 மி.மீ.

கூரைக்கு மேலே எதற்கு உறையும் பிளாங்கெட்டும் என்றால், புகை 120 டிகிரிக்குக் கீழே ஆறினால் அதிலுள்ள தார் குழாய்ச் சுவரில் பிசுபிசுவென்று படியும். ஜனவரி உறைபனி இரவில் ஒற்றைக் குழாய் நிமிடத்தில் குளிர்ந்துவிடும். அந்தத் தார்தான் பின்னால் தீப்பற்றுவது. ஈரச் சீகைக்கட்டையும் நேற்று வெட்டிய கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) எரித்தால் எந்த 304ம் காப்பாற்றாது. பிப்ரவரி, மார்ச் வெயிலில் பிளந்து அடுக்கிக் காய்ந்த விறகைத்தான் தென்மேற்குப் பருவமழைக்கு எரிக்க வேண்டும்.

மாட்டுகிற முறையில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுகிறார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் மேல்துண்டின் ஒடுங்கிய முனை கீழ்த்துண்டுக்குள் இறங்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் தார் வெளியே வழிந்து சுவரெல்லாம் நாறும். இணைப்புக்கு மூன்று எஸ்.எஸ். ஸ்க்ரூ. கடையில் கிடைக்கிற பாப் ரிவெட் பெரும்பாலும் அலுமினியம், அது வேண்டாம். இடுக்கை ஃபயர் சிமென்டால் அடைக்கலாம். எம்சீல், சாதாரண சிலிக்கான் கருகிவிடும். வளைவு தவிர்க்க முடியாதென்றால் 45 டிகிரி இரண்டு. அடியில் ஒரு 'டீ' (T வடிவ இணைப்பு) வைத்து மூடி போட்டால் கரி அள்ள வசதி.

ஓட்டு வீட்டில் கூரை முழுக்க மரச்சட்டமும் பலகை சீலிங்கும்தான். பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது. ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் மரத்துக்கும் 18 அங்குலம் இடைவெளி வேண்டும், அது ஒருபோதும் சீலிங் வழியாகப் போகக் கூடாது. கம்பெனி இரட்டைக் குழாய்க்கு 2 அங்குலம் என்பது சோதித்துச் சான்று வாங்கிய கணக்கு. பட்டறைக் குழாய்க்கு அது செல்லாது, குறைந்தது 6 அங்குலம் சுற்றிலும் மரத்தை வெட்டி விலக்குங்கள். அந்த இடைவெளியைப் பஞ்சால் அடைக்காதீர்கள், காற்று ஓட வேண்டும். கீழே தகரத் தட்டு ஒன்று போதும். எங்கே சட்டத்தை வெட்டினாலும் குறுக்குச் சட்டம் கொடுத்துத் தாங்க வேண்டும், தச்சரைக் கூப்பிடுங்கள். கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் துளை போடுவதற்குப் பதிலாக அந்த ஒரு ஷீட்டை முழுசாக எடுத்துத் தகரம் மாற்றுங்கள்.

குழாய் கூரையைத் துளைக்கிற இடத்திலிருந்து 3 அடி உயர வேண்டும். 10 அடி தூரத்துக்குள் இருக்கும் கூரை முகட்டைவிட 2 அடி உயரமும் வேண்டும். இல்லாவிட்டால் காற்றடிக்கும்போது புகை திரும்பி இறங்கும். 5 அடிக்கு மேல் வெளியே நீண்டால் மூன்று பக்கம் கம்பி இழுத்துக் கட்டுங்கள், குரங்கு பிடித்து ஆட்டாமல் இருக்காது. தொப்பிக்கு வலை போட்டால் கண் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது, சிறிய கண் தாரால் அடைபடும்.

தினமும் எரிக்கிற மாதங்களில் மாதம் ஒரு தரம் டீ மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். படிவு 3 மி.மீ ஆகிவிட்டால் உடனே பிரஷ் விட வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கும் அறையிலேயே மாட்டுங்கள். குழாய் அடைத்தால் சேர்கிற இந்த விஷவாயு மணம் காட்டாது, தூக்கத்தில் தெரியவே தெரியாது. தணலை அள்ளிச் சட்டியில் போட்டுப் படுக்கையறைக்குக் கொண்டுபோகிற வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், அதற்குக் குழாயே கிடையாது.