ஆன்லைனில் 1,500 ரூபாய்க்கு விற்ற பொருளுக்கு 1,190 ரூபாய்தான் கைக்கு வந்தது. மீதி எங்கே போகிறது என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அந்த 310 ரூபாயைத் தேடுவோம். நீங்கள் எழுதியபடி விற்பனைத் தளம் எடுக்கும் கொமிசன் 12 சதவீதம், பணம் கையாளும் கட்டணம் 2 சதவீதம். 180ம் 30ம் சேர்த்து 210 ரூபாய். மிச்ச 100 ரூபாய் பெரும்பாலும் வாங்கியவர் பாவித்த வவுச்சராக இருக்கும். விசேஷ விற்பனை நாட்களில் சேரச் சம்மதம் கொடுத்தால், அந்தக் கழிவில் ஒரு பங்கு விற்பவர் தலையிலும் விழும்.

நான் தலவாக்கலையில் உல்லன் தொப்பி பின்னி விற்கிறேன். கணக்குப் பார்க்கப் பழக்கியது அம்மா. முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். சம்பளத் துண்டு கிடைத்தால் இ.பி.எஃப். 8 சதவீதம், சங்கச் சந்தா, முற்பணம் என்று வரி வரியாக விரல் வைத்து இறங்குவார். தினமும் எடுத்த கிலோவைக் கலண்டரில் குறித்திருப்பார், அதோடு ஒப்பிடுவார். விற்பனை அறிக்கையையும் அப்படித்தான் ஓடர் ஓடராகப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தபோது எனக்கு ஒரு வரி சிக்கியது. 200 கிராம் தொப்பிக்கு 3 கிலோவுக்கான கூரியர் காசு! காரணம் பெட்டி. பல கூரியர்காரர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள். 40, 25, 15 அளவுப் பெட்டி என்றால் 3 கிலோ. உண்மை நிறை, இந்த நிறை, இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் காசு. கேட்டதும் அம்மாவுக்கு கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடைக்கும் தண்ணிக்கும் என்று கிலோ வெட்டியது ஞாபகம் வந்துவிட்டது. இப்போது தொப்பியை அமுக்கி உறையில் போடுகிறேன். ஒட்டிய பார்சலைத் தராசில் வைத்து, இலக்கம் தெரிய ஒரு போட்டோவும் எடுக்கிறேன். நிறையில் பிழை வந்தால் முறையிட அதுதான் சாட்சி.

அப்புறம் விலை. கையில் 1,300 வேண்டும் என்று 14 சதவீதத்தைக் கூட்டி 1,482 போடாதீர்கள். வெட்டுவது 1,482இல் இருந்து, அதனால் கிட்டத்தட்ட 1,275தான் மிஞ்சும். நூறில் 14 போனால் மிஞ்சுவது 86, அதனால் 1,300ஐ 0.86ஆல் வகுங்கள், 1,512 வரும். வவுச்சர் பங்கு இருந்தால் அதையும் முதலிலேயே 1,300உடன் சேர்த்துவிட்டு வகுங்கள். ஈபேயில் அனுப்பும் செலவையும் சேர்த்த மொத்தத்துக்குத்தான் கட்டணம், அங்கே விற்கப் போனால் கவனம்.

பணம் பிந்துவது வேறு விஷயம். கிழமைக்கு ஒருமுறை கொடுக்கும் தளங்களில், வாங்கியவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததாகப் பதிவான ஓடர்தான் கணக்கில் ஏறும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால் பார்சல் இரண்டு நாள் பிந்தும், உங்கள் காசு ஒரு கிழமை தள்ளிப் போகும். அதனால் அடுத்த உல்லன் வாங்கும் காசை அந்தப் பணத்தை நம்பி வைக்காதீர்கள். நான் கடைக்காரரிடம் கடன் சொல்லி நின்ற கிழமைகள் உண்டு.