ஒளித்து எழுத வேண்டாம்

அன்பின் அக்கா,

நான் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். மூத்தவன் இந்த வருடம் முதலாம் ஆண்டு. சின்னவளுக்கு இரண்டு வயது. கலியாணத்துக்கு முன் ஞாயிறுப் பத்திரிகைகளில் என் கதைகள் சில வந்தன. இப்போது எல்லாரும் படுத்த பிறகு போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இவருக்குக்கூடத் தெரியாது. சபை மாதர் கூட்டத்தில் ஒரு அன்ரி நீதிமொழிகள் 31 ஐ வாசித்துவிட்டு, "சின்னப் பிள்ளைகள் இருக்கிற தாய்க்குக் கர்த்தர் தந்த ஊழியம் வீடுதான்" என்று சொன்னா. வீட்டுக்கு வந்து அழுதேன். வேதம் வாசிக்க நேரமில்லை என்று சொல்லுகிற நான் கதை எழுத மட்டும் நேரம் கண்டுபிடிப்பது பாவமா? பிள்ளைகள் வளரும்வரை நிறுத்தி வைக்கவா? ஒரு கதை முடிந்து கிடக்கிறது. சபையில் தெரியாதபடி வேறு பெயரில் அனுப்பலாமா?

- ஒரு வாசகி

அன்பின் தங்கச்சி,

பாவமில்லை. மீதியை ஆறுதலாகப் பேசுவோம், ஆனால் இதை முதலில் கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள்.

உங்கள் கடிதத்தில் என் மனதை உறுத்தியது அந்தப் போர்வைதான். நல்ல காரியமும் ஒளித்துச் செய்தால் நாளடைவில் களவு போலத் தோன்றத் தொடங்கும். காலடிச் சத்தம் கேட்டதும் திரையை அணைக்கிறீர்கள். அணைத்ததும் நெஞ்சு படபடக்கிறது. அந்தப் படபடப்பை மனச்சாட்சியின் குரல் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். உங்களை வதைப்பது எழுத்தல்ல, ஒளிப்பு என்று நான் நினைக்கிறேன்.

அந்த அன்ரி வாசித்த அதிகாரத்தை நீங்களும் ஒருமுறை முதலாம் வசனத்திலிருந்து வாசியுங்கள். பெரும்பாலும் 10 ஆம் வசனத்திலிருந்து, 'குணசாலியான ஸ்திரீ' என்ற இடத்திலிருந்துதான் வாசிப்பார்கள். முதலாம் வசனமோ அது லேமுவேல் ராஜாவுக்கு அவனுடைய தாய் போதித்த உபதேசம் என்கிறது. தாய்மாரை அடக்க எடுத்துக் காட்டுகிற அதிகாரத்தின் தலைப்பிலேயே ஒரு தாயின் வார்த்தைகள் என்று இருக்கிறது! இன்னுமொன்று. 10 முதல் 31 வரையுள்ள 22 வசனங்களும் எபிரெய மொழியில் அந்த மொழியின் 22 எழுத்துகளிலும் வரிசையாகத் தொடங்குகின்றன, நம் ஆத்திசூடி அகர வரிசையில் போவது மாதிரி. யாரோ உட்கார்ந்து, யோசித்து, அடித்துத் திருத்திச் செய்த பாட்டு அது. அதில் வருகிற பெண் வயலை விசாரித்து வாங்குகிறாள், துணி நெய்து விற்கிறாள். 15 ஆம் வசனத்தில் வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள். உங்கள் தொடர்மாடி வீட்டில் சோறு வடிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் உங்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? அந்தப் பெண்ணை அளவுகோலாக்கி உங்களை அளப்பது நியாயமில்லை.

வேத வாசிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அன்னாளை நினைத்துப் பாருங்கள். அவள் கணவன் எல்க்கானாவின் குடும்பம் வருஷந்தோறும் சீலோவுக்குப் போய் ஆராதிக்கிறது. மகன் சாமுவேல் பிறந்த பிறகு அன்னாள் போகவில்லை; பிள்ளை பால்மறக்கும்வரை வரமாட்டேன் என்று கணவனிடம் நேரே சொல்கிறாள். அவனும் உன் இஷ்டப்படி செய் என்கிறான். ஆலயத்துக்குப் போகாமல் பிள்ளையோடு வீட்டில் இருந்த அந்தக் காலத்துக்காக 1 சாமுவேல் அவளை ஒரு சொல்லாலும் குறைகூறவில்லை. சின்னவளுக்கு ஊட்டிக்கொண்டே நீங்கள் மனதுக்குள் சொல்கிற ஒரு சங்கீதத்தைக் கர்த்தர் குறைத்து மதிப்பார் என்று நான் நம்பவில்லை. அதே அன்னாளுடைய துதிப்பாட்டுத்தான் இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் நிற்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். அவள் தனக்கு வேண்டியதைக் கணவனிடம் வாய்விட்டுச் சொன்னாள் என்பதை இரண்டு தரம் வாசியுங்கள்.

மெதடிஸ்தச் சபையார் சுசன்னா வெஸ்லியைப் பற்றிச் சொல்வார்கள். அந்தச் சபையைத் தொடங்கிய ஜோன் வெஸ்லிக்கும் அவருடைய தம்பி சார்ள்ஸ் வெஸ்லிக்கும் தாய். பெற்றது 19 பிள்ளைகள், பலர் குழந்தையிலேயே இறந்துபோனார்கள். அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் உடுப்புக்கு மேல் கட்டியிருந்த ஏப்ரன் துணியைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு ஜெபிப்பாராம். துணி தலையில் இருந்தால் அம்மாவிடம் போகக்கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். 1709 இல் அவர்கள் வீடு எரிந்தது. அதன்பின் பிள்ளைகள் ஆளுக்கொரு இடமாகச் சிதறியிருந்தபோது, தன் மகளுக்கு விசுவாசப் பிரமாணத்தை வரிவரியாக விளக்கி எழுதினார். அந்தத் துணியை நான் அடிக்கடி நினைப்பேன். அது எல்லாப் பிள்ளைகளின் கண்முன்னும் இருந்தது. உங்கள் போர்வை யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆகவே இந்தக் கிழமையே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அனுமதி கேட்கிற குரலில் வேண்டாம். "நான் எழுதுகிறேன், எனக்கு இந்த நேரம் வேண்டும்" என்று நாளையும் மணியையும் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக 'எனக்கும் கொஞ்சம் நேரம் வேணும்' என்றால் எந்த வீட்டிலும் அது கிடைக்காது. எங்கள் வீட்டில் சனி பின்னேரம் என்னுடையது. இவர் பிள்ளைகளைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிக்கொண்டு போய் பட்டம் விடுவார், இஸ்ஸோ வடை வாங்கிக் கொடுப்பார், இருட்டின பிறகுதான் வருவார்கள். உங்களுக்குக் கடற்கரை இன்னும் கிட்ட. ரயில் பாதையில் மட்டும் கவனம். வீட்டில் இருந்தால் பாத்திரம் கூப்பிடும் என்றால் 57 ஆவது ஒழுங்கையில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1942 முதல் இயங்குகிற சங்கம், நூலகமும் உண்டு. ஒரு கொப்பியோடு போய் உட்காருங்கள். மாமி முகம் சுளிக்கக்கூடும். கணவர் உங்கள் பக்கம் நின்றால் அதைத் தாங்கலாம். அவர் நிற்க வேண்டும் என்றால் அவருக்கு முதலில் தெரிய வேண்டும்.

இரவு பதினொரு மணிக்குப் பிறகு எழுதுவதை விடுங்கள். விடியப் பள்ளிக்கூட வானுக்குப் பிள்ளையை வெளிக்கிடுத்த வேண்டிய தாய்க்கு நித்திரை வேண்டும். நித்திரையில்லாத தாய் பிள்ளையிடம் எரிந்து விழுவாள், பிறகு அதற்கும் எழுத்தைத்தான் குற்றம் சொல்வாள்.

காய்ச்சல் வந்தால் அந்த வாரம் எழுத்து இல்லை. கொழும்பில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டெங்குப் பயத்தில் இரத்தம் சோதித்துக்கொண்டு காத்திருக்கிற நாட்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கும் தெரியும். அப்போது கதை ஓரத்தில் இருக்கட்டும், அது இழப்பில்லை. நாவலும் பொறுக்கும். ஆனால் முழுதாக நிறுத்தி வைக்க வேண்டாம். சின்னவள் இன்று சொல்லுகிற பிழையான சொல்லை அடுத்த வருடம் அவளும் மறந்துவிடுவாள், நீங்களும் மறந்துவிடுவீர்கள். குசினியில் ஒரு கொப்பி வையுங்கள், இரண்டு வரி போதும். பிள்ளைகள் பார்க்கட்டும். "அம்மா எழுதுறா" என்று மூத்தவன் வகுப்பில் போய்ச் சொல்லட்டும்.

ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்கிறேன். பிள்ளையின் வெட்கத்தை, அவன் படுக்கை நனைத்ததை, அவன் உங்கள் மடியில் அழுது சொன்னதை, அவன் பெயரோடு எல்லாரும் வாசிக்க எழுத வேண்டாம். பதினைந்து வயதில் அவனும் அதை வாசிப்பான். கதையாக்குங்கள், முகத்தை மாற்றுங்கள். பேஸ்புக்கில் நாளாந்தம் பிள்ளைகளின் நோயையும் குறும்பையும் பரப்புகிற நல்ல கிறிஸ்தவத் தாய்மாரைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் வருத்தமாக இருக்கிறது.

பெயர் விசயம். 1914 இல் மங்களநாயகம் தம்பையா என்ற யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பெண் 'நொறுங்குண்ட இருதயம்' என்ற நாவலை வெளியிட்டார். தலைப்பே 51 ஆம் சங்கீதத்தின் சொற்கள். ஈழத்தில் பெண்ணொருவர் எழுதிய முதல் நாவலாக அதைக் குறிப்பிடுகிறார்கள். நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்றும் சபையில் உள்ளவர்களுக்குப் பயந்து நீங்கள் ஏன் இன்னொரு பெயருக்குள் போக வேண்டும்? வேலையிடத்துப் பிரச்சினையோ ஆபத்தோ இருந்தால் புனைபெயர் சரி. மாதர் கூட்டத்து அன்ரிக்காக வேண்டாம். கதை வந்த பத்திரிகையை அவவிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். அவவும் பிள்ளை வளர்த்த தாய்தான், வாசிக்கக்கூடும்.

முடிந்து கிடக்கிற கதையை முதலில் உங்கள் கணவரிடம் வாசிக்கக் கொடுங்கள். பிறகு உங்கள் பெயரிலேயே அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா